அளவு ஜாக்கெட் இல்லாமல் தைத்த முகம்

2021 மார்ச்சில் என் வலது பக்க மேல்தாடையையும் வலது கண்ணையும் எடுத்தார்கள். சைனஸில் புற்றுநோய். இப்போது வாய்க்குள் அண்ணத்துக்குப் பதிலாக ஒரு தட்டும், கண் இருந்த இடத்தில் சிலிக்கானில் செய்த ஒரு கண்ணும் போட்டிருக்கிறேன். காரைக்குடியில் 22 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன், இன்னும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன மாதம் ஒரு கஸ்டமர் தன் அண்ணிக்கும் இதே ஆப்பரேஷன் என்று ஃபோனைக் கொடுத்தார். அந்தம்மா கேட்ட முதல் கேள்வி, "கண்ணு வெச்சா பழைய மாதிரி ஆயிடுமாக்கா?" அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஆரம்பித்தது பல்லில். மேல் கடைவாய்ப் பல் இரண்டு ஆடியது, ஊரில் ஒரு க்ளினிக்கில் பிடுங்கினார்கள், பிடுங்கிய குழி ஆறவே இல்லை. மாத்திரையை மாற்றி மாற்றி 6 வாரம் ஓடிவிட்டது. அதற்குள் வலது மூக்கு மட்டும் அடைத்தது, கன்னம் ஊசி போட்ட மாதிரி மரத்துப்போனது, சளியில் ரத்தக்கோடு தெரிந்தது. துணித் தூசியால் வந்த சளி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பல் பிடுங்கிய இடம் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாமல், ஒரே பக்கமாக மூக்கடைப்பும் மரத்துப்போவதும் சேர்ந்து இருந்தால் தயவுசெய்து ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இதற்குமேல் அந்தக் கதையில் ஒன்றுமில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அடுத்தது. ஆப்பரேஷனுக்கு முன்னால் ரத்தம், எக்கோ, மயக்க டாக்டர், இன்ஷூரன்ஸ் கார்டு என்று எல்லாம் பார்த்தார்கள். செயற்கைப் பல் டாக்டரை மட்டும் யாரும் காட்டவில்லை. ப்ராஸ்தோடான்டிக்ஸ் என்று ஒரு பிரிவு இருப்பதும், பல் செட் கட்டுகிற அவர்களே மூக்கு, காது, கண், அண்ணம் எல்லாம் செய்வார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. மேல்தாடையை எடுக்கப் போகிறார்கள் என்றால், எடுப்பதற்கு முன்பே வாயை அச்செடுத்து ஒரு தட்டு தயார் செய்து, ஆப்பரேஷன் டேபிளிலேயே பொருத்திவிடலாம். கண் விழிக்கும்போதே வாய்க்கு ஒரு கூரை இருக்கும், சில நாளில் வாயாலேயே குடிக்க ஆரம்பித்துவிடலாம். எனக்கு அது நடக்கவில்லை, 24 நாள் மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார்கள். என் உயிரைக் காப்பாற்றிய சர்ஜன் கையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அளவு எடுக்காமல் கத்தரி வைக்கிற டெய்லரிடம் யாராவது துணி கொடுப்பார்களா? என்னிடம் தைக்க வருகிற ஒவ்வொருவரும் அளவு ஜாக்கெட் கொண்டுவருகிறார்கள். என் வாய்க்கு அளவு ஜாக்கெட் என்பது அந்த மாவுக்கல் அச்சுதான், பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஆப்பரேஷன் தேதி குறித்ததும் "பல் டாக்டர் வந்து அளவு எடுப்பாரா?" என்று நீங்களாகவே கேளுங்கள். அந்த மருத்துவமனையில் அந்தப் பிரிவு இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிக்கு ஒருமுறை போய் வாருங்கள். எதிரே நின்று எடுத்த, சிரிக்காத நல்ல ஃபோட்டோ ஒன்றும், வலது இடது பக்கவாட்டில் ஒவ்வொன்றும் எடுத்து வையுங்கள். பின்னால் கண்ணோ மூக்கோ செய்கிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

உள்ளே வைத்திருந்த துணி அடைப்பை எடுத்த அன்று ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், அப்படியே மூக்கு வழியாகக் கொட்டியது. பேச்சு அதைவிட மோசம். பாட்டி என்றால் மாண்ணி, பாப்பா என்றால் மாம்மா. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே சுவர் இல்லையென்றால் காற்றெல்லாம் மூக்கு வழியே போய்விடும், ம-வும் ந-வும்தான் தப்பிக்கும். வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டால் "யாருங்க பேசுறது?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குக் கண் போனதைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது. முகத்தில் ஆப்பரேஷன் என்றதும் எல்லோரும் வெளியே தெரிகிற கண்ணையும் மூக்கையும் பற்றியே கேட்கிறார்கள், வாய்க்குள் யாருக்கும் தெரியாமல் கிடக்கிற அந்தத் தட்டுதான் சாப்பாடும் பேச்சும். என்னைக் கேட்டால் முதலில் தட்டு, கண்ணெல்லாம் அப்புறம்.

மதுரையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில்தான் எனக்குத் தட்டு செய்தார்கள். முதுநிலை படிக்கிற பெண், என் மகளைவிட இரண்டு வயது மூத்திருக்கும். குழிக்குள் வாஸ்லின் தடவிய துணியைத் திணித்து, அச்சு மாவு உள்ளே போய் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு, "வலிச்சா கையைத் தூக்குங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி எடுத்தார். தட்டைப் பார்த்தால் பல் செட் மாதிரியே இருக்கும், வலது பக்கம் மட்டும் மேலே ஒரு குமிழ் எழும்பி நிற்கும். அந்தக் குமிழ்தான் ஓட்டையை அடைக்கிறது. உள்ளே கூடாக இருக்கும், இல்லையென்றால் அந்தக் கனத்துக்குத் தொங்கிக்கொண்டே இருக்கும். மிச்சமிருந்த இடது பக்கப் பற்களில் கம்பி கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

போட்டுவிட்டு ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணச் சொன்னார். எட்டு வந்ததும் எனக்கே திக்கென்றது, அது என் குரல். பத்து, பதினொன்று என்று போகப் போக, வெளியே நின்ற வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் தண்ணீர் கொடுத்தார்கள். தலையை நிமிர்த்திக் குடித்தால் வரவில்லை, குனிந்தால் மூக்கில் ஒரு சொட்டு வந்தது. வலது ஓரத்தில் கொஞ்சம் மெழுகு மாதிரி ஒன்றைச் சேர்த்தார், மறுபடி குடி, மறுபடி குனி. நான்கு முறை. ஒரு ஜாக்கெட்டின் கையிடுக்குக்கே இரண்டு முறை ஆல்ட்டர் செய்கிறோம், இதற்கு நான்கு என்பது அதிகமே இல்லை. "பரவாயில்லை டாக்டர், சமாளிச்சுக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எங்கே குத்துகிறது, எந்த எழுத்து வரவில்லை, எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அந்தத் தட்டும் நிரந்தரம் இல்லை. புண் ஆற ஆறக் குழியின் அளவு மாறிக்கொண்டே இருக்கும், தட்டு லூஸாகும், திரும்பப் போய் உள்பக்கம் பூச்சு போட்டுக்கொண்டு வர வேண்டும். எல்லாம் அடங்கி, கதிர்வீச்சும் முடிந்து சில மாதம் போன பிறகுதான் கடைசித் தட்டு. எனக்கு அது டிசம்பரில்தான் கிடைத்தது.

நடுவில் கதிர்வீச்சு. வாரம் 5 நாள், 6 வாரம், 30 தடவை. பாதி வழியில் மே 10-ம் தேதி முழு ஊரடங்கு வந்துவிட்டது, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டோம். வாயெல்லாம் புண், உப்பில்லாத தயிர்சாதம்கூட எரிந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் வாய் திறப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தாடைத் தசை கதிர்வீச்சில் இறுகிக்கொண்டே வரும், வலிக்காது, அதனால் கவனிக்க மாட்டோம். வாய் திறக்காவிட்டால் எவ்வளவு நல்ல தட்டு செய்தாலும் உள்ளே போகாது. ஐஸ்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, தினம் நான்கைந்து வேளை பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஒரு குச்சி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். நான் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன், ஜூனில் பார்த்தால் 9 குச்சிதான் போகிறது. அதாவது இரண்டு விரல்கூட முழுசாக நுழையாது. அழுதுகொண்டே திரும்ப 15 குச்சிக்குக் கொண்டுவர ஐந்து மாதம் ஆனது. டிவி சீரியல் விளம்பர இடைவேளையில் குச்சியை வாயில் வைத்துக்கொள்வேன், அதுதான் எனக்கு ஒத்துவந்த வழி.

இன்னொன்று, மிச்சமிருக்கும் பற்களைப் பொன்போலப் பாருங்கள். தட்டு தொங்குவது அவற்றில்தான். ஆட்டம் காணும் பல்லைப் பிடுங்குவதென்றால் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கி ஆறவிட வேண்டும். கதிர்வீச்சு வாங்கிய தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பே செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. எத்தனை வருடம் கழிந்தாலும் எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

அந்த வருடக் கடைசியில் கல்லூரி பெஞ்சில் எனக்குத் துணை நிறைய இருந்தது. கரோனாவுக்கு அப்புறம் வந்த கருப்புப் பூஞ்சையில் மேல்தாடை போனவர்கள், கண் போனவர்கள். நோய் வேறு, ஓட்டை ஒன்று. திருமங்கலத்துக்காரர் ஒருவர், லாரி ஓட்டியவர், தன் தட்டுக்கு "மாமியார்" என்று பேர் வைத்திருந்தார், ராத்திரி கழற்றி வைத்தால்தான் நிம்மதியாம். அந்த முதுநிலைப் பெண் சிரித்துவிட்டு, மனநல மருத்துவத்தில் பெரிய பேரான சிக்மண்ட் ஃப்ராய்டுக்கும் 1923-ல் இதே மேல்தாடைப் புற்றுநோய்தான், 16 வருடம் இதே மாதிரித் தட்டோடுதான் இருந்தார், அதை ராட்சசன் என்றுதான் சொல்வார்களாம் என்றார். அந்தக் காலத்து ரப்பர்த் தட்டை நினைத்தால் நம் மாமியார் தேவலை.

இனி கண். என் கண்ணோடு இமைகளையும் எடுத்துவிட்டார்கள், புருவம் தப்பியது. உள்ளே தொடையிலிருந்து எடுத்த தோலை ஒட்டியிருந்தார்கள், ஒரு மூலையில் மட்டும் கண்குழியும் வாய்க்குழியும் சேர்ந்துவிட்டன. நான் அதை முதலில் பார்த்தது கண்ணாடியில் இல்லை, மகளின் ஃபோனில், அதுவும் இரண்டு வாரம் கழித்து. பயந்த அளவுக்கு இல்லை. இளஞ்சிவப்பாக, ஈரமாக, சங்கின் உட்புறம் மாதிரி. பார்ப்பதற்கு அவசரப்படவும் வேண்டாம், அடியோடு தள்ளிப்போடவும் வேண்டாம், ஏனென்றால் சுத்தம் செய்ய வேண்டியது நாம்தான். காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரைப் பீச்சிக் கழுவி, டாக்டர் சொன்ன எண்ணெய்ச் சொட்டு விட்டு, பொருக்கு ஊறியதும் தானாக வருவதை மட்டும் எடுக்க வேண்டும். ஊக்கு, ஹேர்பின் பக்கமே போகாதீர்கள். வாடை வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம் ஈ. யாரும் சொல்லாத விஷயம் இது, நர்ஸம்மா ஒருவர்தான் ரகசியம் மாதிரிச் சொன்னார்: மத்தியானம் திண்ணையில் கண்ணயரும்போது குழியைத் திறந்துபோட்டு வைக்கக் கூடாது, ஈ முட்டை வைத்தால் புழு வைத்துவிடும். அன்றிலிருந்து துணி மூடாமல் நான் படுத்ததில்லை.

கண் செய்யப் போகும் முன்பே மூக்குக் கண்ணாடியை வாங்கிவிடுங்கள். நான் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போய் ஒரு நடை வீணானது. சிலிக்கானும் தோலும் சேருகிற ஓரத்தை மறைப்பது ஃப்ரேம்தான், அதற்கேற்றாற்போல்தான் ஓரத்தை எங்கே முடிப்பது என்று தீர்மானிக்கிறார்கள். கொஞ்சம் தடித்த ஃப்ரேம், லேசான கலர் கிளாஸ். செய்த கண் இமைக்காது, அதை ஓரளவு மறைப்பதும் அந்தக் கலர்தான்.

முகத்தில் ஜில்லென்று அச்சு மாவை ஊற்றி, அதன்மேல் கல்மாவு போட்டு அளவெடுத்தார்கள். அந்த மாவுக்கல் முகத்தின்மேல் மெழுகில் இமை, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் செதுக்கினார் அந்தப் பெண். தோலின் துளித்துளிக் குழிக்கு ஆரஞ்சுத் தோலை மெழுகில் அழுத்தி எடுத்ததைப் பார்த்து அசந்துபோனேன். கண்மணி தனியாக, இடது கண்ணைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. பிறகு மெழுகை என் முகத்தில் வைத்து, தூரத்துச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, மூக்கின் நடுக்கோட்டிலிருந்து ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் அளந்தார்கள். இந்தக் கட்டத்தில்தான் மனதில் பட்டதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண் எங்கோ மேலே பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னார், உண்மைதான், மெழுகாக இருந்ததால் ஒரு நிமிடத்தில் திருத்தினார்கள். சிலிக்கானாக மாறியபின் அதை அசைக்க முடியாது. கூட வருகிறவரை வெளியே உட்கார வைக்காதீர்கள், உங்கள் முகத்தை உங்களைவிட அதிகம் பார்த்தவர் அவர்.

கலர் பார்ப்பதில்தான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. மேட்சிங் துணி எடுக்க வருகிறவர்களிடம் நாங்கள் எப்போதும் சொல்வது, கடைக்குள் டியூப்லைட்டில் பார்க்காதீர்கள், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள் என்று. உள்ளே ஒன்றுபோல இருக்கிற அரக்கு வெளியே வந்தால் ஒன்று பழுப்பாகவும் ஒன்று சிவப்பாகவும் அடிக்கும். சிலிக்கானில் நிறப்பொடியைக் கலந்து, சிவப்பு நூல்தூளைத் தூவி, என் கன்னத்தோரம் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லாம் டியூப்லைட்டுக்குக் கீழே. வாசலுக்குப் போகலாமா என்று கேட்டேன். போய்ப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் மஞ்சளும் கொஞ்சம் பழுப்பும் சேர்த்தார், ஜன்னல், வாசல், டியூப்லைட் என்று மூன்று இடத்திலும் பார்த்துப் பார்த்து ஒரு நடுவாந்திரத்துக்கு வந்தோம். இமை முடியை ஊசியில் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தார், ஹெம்மிங்கைவிட நுணுக்கமான வேலை.

இதிலும் ஒரு தப்பு நடந்தது, அது என் அவசரம். அண்ணன் மகள் கல்யாணத்துக்குள் வேண்டும் என்று நச்சரித்தேன். கதிர்வீச்சில் கறுத்த கன்னம் அப்போது முழுசாகத் தெளியவில்லை. ஐந்து மாதத்தில் கன்னம் வெளுத்துவிட்டது, கண் மட்டும் பழைய கறுப்பிலேயே நின்றது. தோல் தன் நிறத்துக்குத் திரும்பும்வரை பொறுத்திருக்கலாம். கல்யாண ஃபோட்டோவில் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறேன்.

மஞ்சள் பூசிக் குளிப்பதை விட்டுவிட்டேன். மஞ்சள் சிலிக்கானில் பிடித்தால் போகாது, சமையல் கரண்டியில் பார்த்திருப்பீர்கள். முகத்தில் தேங்காய் எண்ணெய் இருந்தால் பசை நிற்காது. தோலுக்கென்றே உள்ள பசைதான் போட வேண்டும், அவசரத்துக்கு ஃபெவிக்விக் போட்ட ஒருவரை அந்த பெஞ்சில் பார்த்தேன், அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கழற்றும்போது மெல்லிய ஓரத்தைப் பிடித்து இழுக்காமல் தடித்த பக்கமாகப் பிடித்து மெதுவாக உரிக்க வேண்டும், ஒட்டியிருக்கும் பசையை விரலால் உருட்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் வைக்க வேண்டும். இரவில் கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும், தோலுக்கும் காற்று வேண்டாமா. சித்திரை வெயிலில் பஸ்ஸில் போனால் வேர்த்து ஓரம் எழும்பிவிடும், கைப்பையில் பசையும் சின்னக் கண்ணாடியும் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. சூடான காப்பியை ஊதிக் குடித்தால் உள்ளிருந்து ஆவி வந்து வலது கிளாஸ் மட்டும் மங்கும். முதல் தடவை பயந்துபோனேன், இப்போது ஆற்றிக் குடிக்கிறேன்.

ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாது. டம்ளருக்கு ஊற்றினால் பக்கத்தில் ஊற்றும், படி கடைசி ஒன்று இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. சொம்பின் விளிம்பை டம்ளர் விளிம்பில் தொட்டுவிட்டு ஊற்ற வேண்டும். ஊசியில் நூல் கோக்க ஏழெட்டு மாதம் ஆனது, ஊசியின் பின்னால் வெள்ளைத் துணியை வைத்து, விரல் நுனியை ஊசிக் காதில் முட்டுக்கொடுத்துக் கோக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக மூளை பழகிக்கொள்கிறது.

கடையில் பெரும்பாலும் நான் கண் போடுவதில்லை. மிஷினில் குனிந்து வேர்த்து உட்கார்வதற்கு அது தோதுப்படாது. லைனிங் துணியில் நானே மூடு பட்டி தைத்துக்கொள்கிறேன், புடவைக்கு மேட்சாக இப்போது 14 இருக்கிறது. சிலர் டேப்பைப் பார்த்தே பேசிவிட்டுப் போவார்கள், பழகிவிட்டது. கல்யாணம், கோவில், பேங்க் என்றால் கண் போடுவேன். எப்போதும் போட்டே ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை, அது என் முகம் இல்லை, நல்லது கெட்டதுக்கு உடுத்துகிற பட்டுப்புடவை மாதிரி. அந்த அண்ணி கேட்ட "பழைய மாதிரி"க்கு என் பதில் இல்லை என்பதுதான், ஆனால் அதை ஃபோனில் நேராகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எலும்பில் டைட்டானியம் திருகு பதித்துக் காந்தத்தால் ஒட்டுகிற முறையும் உண்டு, பசையே வேண்டாம். கதிர்வீச்சு வாங்கிய கண்குழி எலும்பில் அது நிலைப்பது கொஞ்சம் கஷ்டம் என்றும், செலவும் கூடுதல் என்றும் சொன்னதால் எனக்கு வேண்டாம் என்று விட்டோம். காது, மூக்கு போனவர்கள் கேட்டுப் பாருங்கள், நிலைமை ஆளுக்கு ஆள் மாறும்.

சிலிக்கான் கண் ஓரிரு வருடம்தான் உழைக்கும். வெயிலில் நிறம் இறங்கும், ஓரம் கிழியும். என்னுடையது 14 மாதத்தில் ஓரம் விட்டது. அதனால் அச்சைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள், எந்தப் பொடி எவ்வளவு கலந்தார்கள் என்ற குறிப்பையும் உங்கள் நோட்டில் வாங்கி வையுங்கள், ஏனென்றால் படிப்பு முடிந்து அவர்கள் போய்விடுவார்கள்.

அப்படித்தான் இரண்டாவது கண்ணுக்குப் போனபோது அந்தப் பெண் இல்லை. புதுப் பையன், பயந்த சுபாவம், என்னைப் பார்க்காமல் கேஸ் ஷீட்டையே பார்த்தான். நோட்டைக் கொடுத்தேன், ஃப்ரேமைக் கொடுத்தேன், ஆப்பரேஷனுக்கு முந்தைய ஃபோட்டோவையும் கொடுத்தேன். பொடி கலந்து டியூப்லைட்டுக்குக் கீழே என் கன்னத்தில் வைத்துவிட்டு, "சரியா இருக்குல்லம்மா?" என்றான்.

"வாங்க தம்பி, வாசலுக்குப் போவோம்" என்றேன்.